நாகசுரம், தவில் கலைஞர்களுக்கான செவிப் பாதுகாப்பும் காது நலமும்

திருமணம், காதணி விழா, குடமுழுக்கு, சுவாமி புறப்பாடு என ஆண்டின் பெரும்பகுதியைப் பேரொலியின் நடுவே கழிப்பவர்கள் நாகசுரம், தவில் கலைஞர்கள். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்ற ஒலி வரம்பு விதிகளில் உள்ளது. அதற்கு மேல் ஒலி இருப்பின் தொழிலாளர்களுக்குக் காதுப் பாதுகாப்பு வழங்கப்பட வேண்டும். கலைஞர்களுக்கு அத்தகைய மேற்பார்வை எதுவும் இல்லை. அவர்களது செவியை அவர்களும் அவர்தம் குடும்பத்தாருமே காத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அதற்குத் தேவையான விவரங்கள் இப்பக்கத்தில் தரப்படுகின்றன. பறை, உறுமி, பம்பை, செண்டை வாசிப்போருக்கும், பேண்டு வாத்தியக் குழுவினருக்கும், ஒலிபெருக்கியின் அருகில் நிற்க நேரும் மெல்லிசைக் கலைஞர்களுக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒலி காதை எவ்வாறு பழுதாக்குகிறது?

செவிப்பறையில் மோதும் ஒலி அதிர்வுகள் மூன்று சிறிய எலும்புகளின் வழியே உட்செவியை அடைகின்றன. நத்தை ஓடு போன்று சுருண்டுள்ள உட்செவிப் பகுதியில் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் உள்ளன. அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புபவை இவையே. மிகையான ஒலி இச்செல்களைக் களைப்படையச் செய்கிறது. மீண்டும் மீண்டும் தொடர்ந்தால் அவை மடிந்துவிடுகின்றன. பறவைகளுக்கு இச்செல்கள் மறுபடியும் வளர்கின்றன. மனிதருக்கு வளர்வதில்லை. இழந்ததை மீட்டுத் தரும் மருந்தோ அறுவை சிகிச்சையோ இன்றுவரை இல்லை. ‘நரம்பு பலப்பட’ என்று கூறி விற்கப்படும் சத்து மாத்திரைகள் ஒலியால் ஏற்பட்ட கேள்குறையைச் சரிசெய்யும் என்பதற்குச் சான்று கிடையாது. அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

பேரொலி கேட்டவுடன் நடுச்செவியில் உள்ள ஒரு சிறு தசை சுருங்கி, உள்ளே செல்லும் ஒலியை ஓரளவு குறைக்கும். இது உடலின் இயற்கையான தற்காப்பு. ஆனால் அத்தசை செயல்படத் தொடங்குவதற்குச் சில பத்து மில்லி நொடிகளேனும் ஆகும். தவிலின் ஒரு சொல் அதற்கு முன்பே உள்ளே சென்றுவிடும். சீராக ஒலிக்கும் கருவியைக் காட்டிலும் அடித்து முழக்கும் கருவிகள் செவிக்குக் கூடுதல் கேடு செய்வதற்கு இது ஒரு காரணம். திருவிழாக்களில் போடப்படும் அதிர்வேட்டு இதனினும் கொடியது. மிக அருகில் வெடித்தால் ஒரே வெடியில் நிலையான பாதிப்பு நேரிடலாம். புறப்பாட்டின்போது வேட்டு போடும் இடத்திலிருந்து மேளக் குழுவைத் தள்ளி நிறுத்துமாறு விழாக் குழுவினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வாறு கேட்பது உங்கள் உரிமை.

எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம்?

டெசிபல் அளவு பணத்தைப் போலக் கூட்டிப் பார்க்கத்தக்கதன்று. அளவு 3 டெசிபல் உயர்ந்தால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. எனவே காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. இவ்விதியின்படி 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம், 97-இல் அரை மணி, 100-இல் கால் மணி நேரம் என்பன ஏற்கத்தக்க வரம்புகள். 106 டெசிபலில் நான்கு நிமிடங்களுக்குள் அன்றைய அளவு முழுவதும் தீர்ந்துவிடும். தாலி கட்டும் வேளையில் ஒலிக்கும் கெட்டிமேளத்தையும், அதற்கு முன்னும் பின்னும் மூன்று நான்கு மணி நேரம் நீளும் வாசிப்பையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் இது நாள்தோறும் நிகழ்கிறது. சில நாள்களில் மாலை வரவேற்பு வேறு.

உங்கள் குழுவின் ஒலியளவை நீங்களே தோராயமாக அறியலாம். ஒலியளவு காட்டும் செயலிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. அவை சில டெசிபல் முன்பின்னாகக் காட்டினாலும் 85-ஆ, 100-ஆ என்று அறிவதற்குப் போதும். கைப்பேசியை உங்கள் காதருகில் வைத்து, வேறொருவர் பார்க்குமாறு அளந்துகொள்ளுங்கள். செயலி இல்லாவிடினும் ஓர் எளிய சோதனை உண்டு: கைநீட்டும் தொலைவில் உள்ளவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அவ்விடத்தின் ஒலி ஏறக்குறைய 85 டெசிபலை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

நாகசுரமும் தவிலும் திறந்தவெளிக்கு உரிய கருவிகள் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். கோயில் வீதியிலும் தேரோட்டத்திலும் நெடுந்தொலைவு கேட்க வேண்டும் என்பதற்காக அமைந்த ஒலி அது. திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். இன்றோ அதே கருவிகள் நான்கு சுவர்களும் கண்ணாடிக் கதவுகளும் கொண்ட குளிர்சாதனத் திருமண மண்டபத்தினுள் வாசிக்கப்படுகின்றன. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மீண்டும் கலைஞரின் காதுக்கே வந்து சேர்கிறது. போதாக்குறைக்கு ஒலிவாங்கியும் வைத்து, ஒலிபெருக்கிப் பெட்டியை மேடையை நோக்கித் திருப்பி வைத்துவிடுகின்றனர். நடுத்தர அளவுள்ள மண்டபத்தில் தவிலுக்கு ஒலிவாங்கி எதற்கு என்பது எமக்கு விளங்காத ஒன்று. ஒலி அமைப்பாளரிடம் அதை அணைக்கச் சொல்லுங்கள்; அல்லது பெட்டியையாவது பந்தியின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். செலவில்லாத பாதுகாப்பு இதுவே.

தொடக்க அறிகுறிகள்

கச்சேரி முடிந்து வீடு திரும்பியதும் காதில் ‘கிய்ய்’ என்ற இரைச்சல், காது அடைத்தது போன்ற உணர்வு, பிறர் பேச்சு பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்டல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். மறுநாள் காலை சரியாகிவிடுவதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. உணர்மயிர்ச் செல்கள் அன்றைய தினம் தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டன என்பதே இதன் பொருள். தொடர்ந்து இவ்வாறு நேர்ந்தால் ஒரு நாள் இரைச்சல் போகாமல் நிலைத்துவிடும்.

ஒலியால் ஏற்படும் கேள்குறை முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண்களில் தோன்றும். நாகசுரத்தின் சுருதி அதனினும் கீழே உள்ளதால், சுருதி சேர்ப்பதில் தொடக்கத்தில் எந்தக் குறையும் தெரியாது. ‘என் காது நன்றாகத்தான் இருக்கிறது’ என்று கலைஞர் நம்புவதற்குக் காரணம் இதுதான். ஆனால் தாளத்தின் கூர்மையான ‘கிண்’ மழுங்கிவிடும். பேச்சில் உயிரொலிகள் கேட்கும். ச, க, த, ப போன்ற மெய்யொலிகள் தெளியா. ‘காதில் விழுகிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை’ என்பது நோயாளிகள் வழக்கமாகக் கூறும் சொற்கள். சிலருக்கு ஒரே சுரம் இரு காதுகளில் இரு வேறு சுருதியாகக் கேட்பதுண்டு. சிலருக்குப் பாத்திரம் விழும் ஓசைகூடத் தாங்க இயலாததாகிவிடும்.

குறையை முதலில் அறிபவர்கள் பெரும்பாலும் குடும்பத்தார்தான். தொலைக்காட்சியின் ஒலி கூடிக்கொண்டே போவது, பேரப் பிள்ளைகள் பேசுவது புரியாமல் சிரித்துச் சமாளிப்பது, தொலைபேசியில் எப்போதும் ஒரே காதை வைத்துக் கேட்பது ஆகியவற்றைக் கண்டால் கேலி செய்யாமல் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். காது கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால் ‘சீட்டு’ வராது என்ற அச்சத்தில் கலைஞர்கள் இதை மறைப்பது இயல்பே. பரிசோதனை முடிவு உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியது. எந்தக் குழுவுக்கும் அது தெரிவிக்கப்படுவதில்லை.

காதடைப்பான்கள்

பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். இதனால் குறையும் ஒலி மிகச் சொற்பம். பஞ்சின் இழைகள் உள்ளே தங்கி அழற்சி உண்டாக்குவதும் உண்டு. பஞ்சைப் பாதுகாப்பு என்று கருத வேண்டாம்.

இயர் பிளக் எனப்படும் காதடைப்பான்கள் இரு வகை. மருந்துக் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும் நுரை அடைப்பான் ஒலியை மிகுதியாகக் குறைக்கும். ஆனால் உயர் அதிர்வெண்களைக் கூடுதலாகவும் கீழ் அதிர்வெண்களைக் குறைவாகவும் குறைப்பதால் இசை மங்கலாகக் கேட்கும். ஒத்திகைக்கும், பிறர் வாசிக்கையில் அருகே காத்திருக்கும் நேரத்துக்கும், பயணத்துக்கும் இது போதுமானது. அணியும் முறை முக்கியம்: சுத்தமான விரல்களால் மெல்லியதாக உருட்டி, மற்றொரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரிந்து நிலைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயன் பாதியாகிவிடும். தவில் கலைஞர்கள் வலக்கை விரல்களில் கூடு போடுவதற்கு முன்பே இதனை அணிந்துகொள்ள வேண்டும். கூடு மாட்டிய விரலால் நுரையை உருட்ட இயலாது.

இரண்டாம் வகை, இசைக் கலைஞர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் வடிப்பான் இதனுள் உள்ளது. 9, 15, 25 டெசிபல் குறைக்கும் வடிப்பான்கள் கிடைக்கின்றன. இசையின் தன்மை மாறாமல் அளவு மட்டும் குறைந்து கேட்கும். 97 டெசிபல் உள்ள மேடையில் காதடைப்பான் இன்றி அரை மணி நேரமே வரம்பு. 15 டெசிபல் வடிப்பானுடன் காதை அடைவது 82 டெசிபல். முழு நாள் வாசித்தாலும் வரம்புக்குள் அடங்கும். காதின் அச்சு எடுத்து அவரவர் அளவுக்குச் செய்துகொள்வது சிறந்தது. கேட்பொலிக் கருவிக்கு அச்சு எடுக்கும் அதே முறைதான் இதற்கும். விலை நுரை அடைப்பானைவிடப் பல மடங்கு என்பது உண்மை. எனினும் ஒரு தவிலுக்குத் தோல் மாற்ற யோசிக்காத நாம், காதுக்குச் செலவிட ஏன் இவ்வளவு யோசிக்கிறோம் என்பதைக் குடும்பத்தில் பேசிப் பார்க்கலாம்.

நாகசுரக் கலைஞர்களுக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. சீவாளியின் அதிர்வு உதடு, பல், தாடை எலும்பு வழியாகவும் உட்செவியை அடைகிறது. காதை மேலோட்டமாக அடைத்தால் இவ்வதிர்வு வெளியேற வழியின்றித் தம் ஒலியே குடத்துக்குள் ஊதுவது போல முழங்கும். இதனால் பலர் ஒரே நாளில் அடைப்பானைக் கழற்றிவிடுகின்றனர். செவிக்குழலின் எலும்புப் பகுதி வரை ஆழமாகச் செல்லும்படி செய்த அச்சு இம்முழக்கத்தைப் பெரிதும் குறைக்கும். அதுவரை, தவிலின் பக்கமுள்ள காதுக்கு மட்டும் அணிந்து தொடங்கலாம். தவிற் கலைஞர்கள் கவனிக்க வேண்டியது வேறு: ஒலி குறைந்து கேட்பதால் அறியாமலே ஓங்கி அடிக்கத் தோன்றும். மணிக்கட்டு வலி ஏற்பட்டால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

புதிய அடைப்பானை முதன்முதலாக மேடையில் அணியாதீர்கள். இரண்டு மூன்று வாரங்கள் வீட்டுச் சாதகத்தில் பழகிய பின்னரே கச்சேரியில் அணியுங்கள். மேடையில் இதனை அணிவது குருவையும் அவையையும் அவமதிப்பதாகும் என்ற தயக்கத்தைப் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்க நேர்கிறது. மூக்குக் கண்ணாடி அணிந்து வாசிப்பதை எவரும் குறை கூறுவதில்லை. மூத்த வித்துவான்கள் முதலில் அணிந்தால் இளையோரின் தயக்கம் தானே அகலும்.

சாதகமும் மாணவர்களும்

கச்சேரி நேரத்தைக் குறைப்பது இயலாது. சாதகத்தின் ஒலியைக் குறைக்கலாம். விரல், கோல் பயிற்சியின் ஒரு பகுதியைத் தவிலில் அன்றி ரப்பர் விரிப்பு அல்லது தடித்த துணி போர்த்திய பலகையில் செய்யலாம். சிறிய அறையில் மூடிய கதவுக்குள் பலர் சேர்ந்து பயில்வதைத் தவிர்த்து, திண்ணை, மரத்தடி, மொட்டைமாடி போன்ற திறந்த இடங்களில் பயிலுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் அமைதி தேவை. கச்சேரி முடிந்த இரவில் காதில் ஒலிப்பான் மாட்டிப் பாடல் கேட்பது அன்றைய கணக்கை மேலும் கூட்டும்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் குருவின் இல்லத்திலும் பயிலும் பிள்ளைகள் நாள்தோறும் பல மணி நேரம் ஆசிரியரின் தவிலுக்கு மிக அருகில் அமர்கின்றனர். இவர்களுக்கு இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கை உள்ளது. பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் கேட்டல் பரிசோதனை செய்தல் நலம். முதல் பரிசோதனையின் வரைபடத்தைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஒப்பிட்டு நோக்க அதுவே அடிப்படை. விழாவுக்கு உடன் அழைத்துச் செல்லும் கைக்குழந்தைகளை மேளத்தின் அருகில் உறங்க வைக்க வேண்டாம்.

காது நலம்

காதுக் குறும்பி அழுக்கன்று. செவிக்குழலின் தோலைக் காக்கவும், பூச்சியும் கிருமியும் நுழையாமல் தடுக்கவும் உடல் சுரக்கும் பொருள் அது. செவிக்குழலின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், குறும்பியும் தானே வெளியே வந்துவிடும். குளித்தபின் துண்டின் முனையால் காதுமடலையும் துளையின் வாயிலையும் துடைத்தால் போதும். பஞ்சு சுற்றிய குச்சி, கொண்டை ஊசி, சாவி, தீக்குச்சி, கோழி இறகு ஆகிய எதையும் உள்ளே விடாதீர்கள். குறும்பி மேலும் உள்ளே தள்ளப்படும். கை தட்டினால் செவிப்பறை கிழியும். தெருவில் காது சுத்தம் செய்வோரிடம் காதைக் கொடுக்க வேண்டாம்.

எண்ணெய்க் குளியல் நல்ல வழக்கம். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்; காதுக்குள் ஊற்ற வேண்டியதில்லை. காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, இலைச் சாறு ஆகியவை செவிக்குழலைப் புண்ணாக்கக்கூடும். செவிப்பறையில் ஏற்கெனவே துளை இருந்தால் அவை நேரே நடுச்செவியில் இறங்கும். ஈரமும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் பூஞ்சைத் தொற்று ஏற்படும்; தாங்க இயலாத அரிப்பும் அடைப்பும் இதன் அறிகுறிகள். நம் தட்பவெப்பத்தில் இது மிகவும் காணப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காதுவலி தோன்றினால் காலம் தாழ்த்தாதீர்கள். அவர்களுக்குச் செவிக்குழல் தொற்று எலும்புவரை பரவக்கூடும்.

காதடைப்பான் அணிவோருக்குக் குறும்பி வெளியேறுவது தடைப்படலாம். எனவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள். அச்சில் செய்த அடைப்பானை வடிப்பானைக் கழற்றிவிட்டு மிதமான சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். நுரை அடைப்பான் அழுக்கானாலோ விரியும் தன்மையை இழந்தாலோ எறிந்துவிடுங்கள். ஒருவர் அணிந்ததை மற்றவர் அணியக் கூடாது. சந்தனமும் திருநீறும் படிந்த விரலால் அணியவும் கூடாது. காதில் சீழ் வடியும்போது அடைப்பான் அணியாமல் முதலில் சிகிச்சை பெறுங்கள். செவிப்பறையில் துளை உள்ளவர்கள் குளிக்கையில் வாசலின் தடவிய பஞ்சைக் காதுவாயிலில் வைத்து நீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயில் குளத்தில் மூழ்கிக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மருத்துவமனைக்கு எப்போது வர வேண்டும்?

ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அது அவசர நிலை. ‘சளியாக இருக்கும், போய்விடும்’ என்று காத்திருக்க வேண்டாம். அன்றே, இயலாவிடில் மறுநாளே, காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாள்களில் தொடங்கினால் பலன் தர வாய்ப்பு மிகுதி. இரண்டு வாரம் கடந்தால் அவ்வாய்ப்பு வெகுவாகக் குறையும். தலைச்சுற்றலுடன் கேள்குறை, காதிலிருந்து இரத்தம் அல்லது துர்நாற்றமுள்ள சீழ், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல் ஆகியவற்றுக்கும் தாமதமின்றி வர வேண்டும்.

அறிகுறி எதுவும் இல்லாத கலைஞர்களும் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. முதல் நாள் கச்சேரி வாசித்துவிட்டு மறுநாள் காலை வந்தால் தற்காலிகக் களைப்பே குறையாகப் பதிவாகும். குறைந்தது 14 மணி நேரம் பேரொலியிலிருந்து விலகி இருந்து வாருங்கள். முகூர்த்தமில்லாத மாதங்கள் இதற்கு ஏற்றவை. வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள் வலக்காதையும் நீலப் பெருக்கல் குறிகள் இடக்காதையும் காட்டும். 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கி மீண்டும் ஏறினால் அது ஒலியால் ஏற்பட்ட பாதிப்பின் அடையாளம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபல் அளவுக்காவது இழப்பு இருந்தால்தான் அது கேள்திறன் குறைபாடாகக் கொள்ளப்படும். உயர் அதிர்வெண்களை மட்டும் இழந்த இசைக் கலைஞர் தொழிலில் பெரிதும் இடர்ப்பட்டாலும் இவ்வரம்புக்குள் வருவது அரிது. பின்னர் உதவி கிடைக்கும் என்று எண்ணித் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும் நீங்கள் இசைக் கலைஞர் என்பதைச் சொல்லுங்கள். ஜென்டாமைசின், அமிக்கசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்துகளும் புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் உட்செவியைப் பாதிக்கக்கூடியவை. உயிர்காக்கத் தேவையெனில் அவற்றை மறுக்கக் கூடாது. ஆனால் முன்னும் பின்னும் கேட்டல் பரிசோதனை செய்து கண்காணிக்க முடியும். கேட்பொலிக் கருவி தேவைப்படும் கலைஞர்கள், பேச்சுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என இரு அமைப்புகளைக் கருவியில் பதியுமாறு செவித்திறன் வல்லுநரிடம் கேளுங்கள். பேச்சுக்கென அமைந்த கருவி நீண்ட கார்வையை இரைச்சல் என்று கருதி அடக்கிவிடும். பரிசோதனைக்கு வரும்போது பழைய வரைபடங்கள், உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டு, பயன்படுத்தும் காதடைப்பான், வாரத்தில் எத்தனை மணி நேரம் வாசிக்கிறீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையோடு கொண்டு வாருங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.